திருப்பத்தில் நிற்கிறவர்

லிஃப்டுக்குள் கடைசியாகக் காலை வைத்தது ஸ்டேஷனம்மாதான். வைத்த மாத்திரத்தில் மணி அலற ஆரம்பித்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எக்ஸ்ரே உறையோடு ஓர் இளைஞன், பூந்தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண், சக்கர நாற்காலியில் ஒருவர், அவரைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர். யாரும் அசையவில்லை. கூடுதல் எடை தன்னுடையது இல்லை என்ற உறுதி ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

அவள் வீட்டுக்காரர் பொத்தான் பலகைக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றிருந்தார். "கொஞ்சம் வழி விடுங்க" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மணி நின்றது. கதவு மூடப்போன நேரத்தில் அவளும் வெளியே வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு இறங்கினே? அதான் மணி நின்னுடுச்சே."

"நீங்க இல்லாம நான் மட்டும் மேல போய் என்ன பண்ண? நோயாளி நீங்க. நான் துணைக்கு வந்தவ."

"இப்ப பாரு, உள்ள ஒரு ஆள் இடம் வீணாப் போகுது" என்றார் அவர், மூடிய கதவைப் பார்த்தபடி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

அவருக்கு அது வருத்தம்தான். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். குடியிருப்பில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவள் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் அறிவித்துக்கொண்டிருந்தவள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் துணி துவைக்கிறவர்களுக்கும் அவள் சமையலறையில் என்ன பேசுகிறாள் என்பது தெரியும். அதனால் ஸ்டேஷனம்மா. அவர் மட்டும் அம்மாவை விட்டுவிட்டு 'ஸ்டேஷன்' என்பார்.

அடுத்த லிஃப்டுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அவர் எண்கள் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக்கு உள்ளே, எலும்புக்கு உள்ளே, இரத்தம் வெளியே போகிற வழியில் ஒரு வால்வு சரியாகத் திறக்காமல் கிடந்தது. "கதவு பாதிதான் திறக்குது, எண்ணெய் போட முடியாத இடம்" என்று அவரே தம்பிக்கு விளக்கியிருந்தார். தொடை வழியாகக் கம்பி விட்டு அங்கே புது வால்வை வைத்துவிடலாம். ஆனால் வால்வுகள் குறைவு, ஆட்கள் அதிகம். எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மாதத்துக்கு ஒன்று என்று மருத்துவமனை ஒரு வரம்பு வைத்திருந்தது. யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு குழு. குழுவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடைச் சோதனை. அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் நீளமான ஒரு நடைவழி. தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, இரண்டு முனையிலும் கூம்பு வைத்திருந்தார்கள். ஆறு நிமிடம், இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்கும் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது கணக்கு. பிசியோதெரபிப் பெண் அவருடைய விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள்.

"ஐயா, உங்க வேகத்துல நடங்க. முடியலன்னா நிக்கலாம், தப்பில்ல. நான் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது."

"அவர் பேச மாட்டார்" என்றாள் ஸ்டேஷனம்மா. "அந்தப் பயமே வேணாம். என்னை எங்க உட்கார வைக்கப் போறே?"

பிசியோ பெண் சிரித்தபடி தூரத்துக் கூம்புக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். அவள் அங்கே போய் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

அவர் நடந்தார். ஒரு வளைவும் இல்லாத நடை. கைகள் அளவாக ஆடின. கூம்பு வரை வந்தார். அங்கே நின்றார். அவளைப் பார்த்தார். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார். மறுபடி வந்தார். மறுபடி நின்றார். ஒவ்வொரு முறை அவர் நிற்கும்போதும் பிசியோ பெண் எதையோ குறித்துக்கொண்டாள். ஸ்டேஷனம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை போலிருக்கிறது, பாவம், என்னைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொள்கிறார் என்று நினைத்தாள். பேசக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தாள்.

குழுவின் தலைவி ஒரு டாக்டர். நரைத்த கூந்தலை இழுத்து முடிந்திருந்தார். அடுத்த வாரம் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஐயாவோட நடை நாங்க வெச்சிருக்கிற கோட்டுக்குக் கீழ வருது. நிறைய தடவை நின்னிருக்கார். இவ்வளவு தளர்ந்த உடம்புக்குப் புது வால்வு வெச்சா, ஆபத்து இருக்கும், பலன் கம்மியா இருக்கும். குழு இந்தத் தடவை வேணாம்னு முடிவு பண்ணியிருக்கு. மருந்தை மாத்தித் தரேன்."

"வயசாயிடுச்சுன்னு சொல்றீங்க" என்றாள் அவள்.

"இல்லம்மா. வயசை மட்டும் பார்க்கக் கூடாதுன்னுதான் நடக்கச் சொல்றோம். முன்னாடி வயசை மட்டும்தான் பார்த்தாங்க."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். "அது நியாயம்தான்" என்றார். "லிஃப்டுல ஆறு பேர்னு எழுதிப் போட்டிருக்கும். எழுதினவன் அந்த ஆறு பேரைப் பார்த்ததே கிடையாது. ஆளை எண்ணறதை விட எடை போடறது மேல்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தன் குழுவின் தீர்ப்பை, தீர்ப்புக்கு ஆளானவரே இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லி அவர் கேட்டதில்லை போலும். மருந்துச் சீட்டை நீட்டினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் ஸ்டேஷனம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அது அபூர்வம். பேசாமல் இருந்ததால் அவளுக்குப் பார்க்க நேரம் கிடைத்தது.

சலவைக்கடைத் திருப்பத்தில் அவர் நின்றார். லேசாக உடம்பைத் திருப்பி, முழங்கையை விலாவிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தபடி நின்றார். அவள் வந்து சேர்ந்ததும் நடந்தார். செருப்புக்கடை வரைக்கும் கூடவே வந்தாள், பிறகு முழங்கால் வழக்கம்போல் பின்னுக்கு இழுத்தது. அடுத்த திருப்பத்தில் அவர் மறுபடி நின்றார். அதே மாதிரி பாதித் திரும்பல், அதே முழங்கை.

அவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்புக்கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் அவரைக் கவனித்தாள். மூச்சு முட்டி நிற்கிறவர் குனிவார், எதையாவது பிடித்துக்கொள்வார். இவர் நிமிர்ந்து நின்றார். விளக்குக் கம்பத்தின் உச்சியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அவள் அசையாமல் நிற்க, அவரும் அசையாமல் நின்றார். அவள் ஓர் அடி வைத்ததும் அவருடைய முழங்கை தயாராக விலகிற்று.

பக்கத்தில் போனதும் கேட்டாள். "எதுக்கு நின்னீங்க?"

"யார் நின்னா?"

"நீங்கதான். இங்க. அப்புறம் சலவைக்கடைகிட்ட."

"நான் எங்க நின்னேன்? நடந்துட்டேதானே இருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும்போது அவருடைய காது சிவக்கும். சிவக்கவில்லை.

அவள் அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முழங்கால் எப்போது பிசக ஆரம்பித்தது, எத்தனை வருஷமாக இவர் திருப்பம் தோறும் நிற்கிறார் என்று யோசித்தாள். பிடிபடவில்லை. தினமும் இந்தக் கையைப் பிடித்திருக்கிறாள், அது எப்படித் தன் கைக்கு வந்து சேர்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மருத்துவமனையின் அந்தப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. அதன் பக்கத்துக் கூம்பில் ஒவ்வொரு முறையும் அவர் நின்றதும் நினைவுக்கு வந்தது. அவர் இளைப்பாறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

"என்ன ஸ்டேஷன், வண்டி எல்லாம் ரத்தா?" என்று கேட்டார் அவர்.

சாயங்காலம் கீழ்த்தளத்திலிருந்து கொழுந்தன் வந்தான். அறுபதைத் தாண்டியும் அண்ணிக்கு முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, அந்த ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு ஆளைத் தெரியும். மேல் இடம். ஒரு வார்த்தை காதுல போட்டா போதும்."

"போன வருஷம் கேஸ் அடுப்புக்கும் இப்படித்தான் மேல் இடத்துல ஆள் இருக்குன்னே. கீழ் இடத்துல இருந்து கூட ஆள் வரல."

"அது வேற அண்ணி. இது நிஜமாவே..."

"அந்த ஆள் வந்து இவரை உள்ள தள்ளினா, உள்ள இருக்கிற ஒருத்தரை வெளிய தள்ளுவார். அது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஆள் மேல எனக்கு என்ன பகை?"

கொழுந்தன் ஆறுதலுக்கு அண்ணனைப் பார்த்தான். லிஃப்ட்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தோலை அறுபடாமல் ஒரே சுருளாக எடுப்பது அவருடைய பெருமை.

"விட்டுடுங்க ரெண்டு பேரும்" என்றார். "மணி அடிச்சா யாராவது இறங்கணும். நான் நிறைய மாடி பார்த்துட்டேன். எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க போகட்டும்."

கொழுந்தன் கண்களைத் துடைக்கத் தயாரானான். ஸ்டேஷனம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிற்று. ஆனால் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அவர் உரிப்பதை நிறுத்தினார்.

"நீங்க இறங்கற அந்த லிஃப்டுல நான் இருக்கேனா, இல்லையா?"

"இருக்கே."

"அன்னைக்கு நீங்க இறங்கினதும் நான் என்ன பண்ணேன்?"

அவர் தம்பியைப் பார்த்தார்.

"நானும் இறங்கிட்டேன். ஒரு இடம் வீணாப் போச்சுன்னு நீங்கதான் புலம்பினீங்க. ஒருத்தருக்கு இடம் வேணும்னு ரெண்டு பேர் இறங்கறது எந்த ஊர்க் கணக்கு? பெரிய மனசு காட்டறதுன்னா முதல்ல என்னைக் கேட்டுட்டுக் காட்டுங்க. அதுல பாதி என்னோட மனசு."

ஆரஞ்சுச் சுருள் அவருடைய கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு பழத்தைப் பிளந்து பெரிய பாதியை அவளிடம் நீட்டினார்.

"நீ சொல்றதுல ஒரு லாஜிக் இருக்கு" என்றார்.

"ஒண்ணுதானா?" என்றாள் அவள், வாங்கிக்கொண்டே.

மறுநாள் காலையில் அவள் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள். சலவைக்கடைத் திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கடந்தாள்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. செருப்புக்கடைக் கண்ணாடி, விளக்குக் கம்பம், முழங்கை, எதையும் அவள் விடவில்லை. முடித்ததும் டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சத்தம் போட்டுக் கேட்டா கிடைச்சிடும்னு நான் வரல" என்றாள்.

"சத்தம் போடறவங்களுக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னுதான் இந்த அளவெல்லாம் வெச்சேன்." டாக்டர் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "உங்க குரல் மாதிரி ஒரு குரல் இல்லாதவங்களும் அந்த வரிசையில நிக்கிறாங்க."

"அது சரிதான். என் குரலுக்கு எதிரா ஒரு கோடு வேணும்தான். ஆனா நீங்க அளந்தது அவரோட நடை இல்ல டாக்டர். என்னோட நடை. என் முழங்காலை அவர் நெஞ்சுல எழுதிட்டீங்க."

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். "மறுபடி அளக்கறேன். நீங்க அந்த வராந்தா பக்கமே வரக் கூடாது. அவர்கிட்ட காரணத்தைச் சொல்லவும் கூடாது. சொன்னா நினைச்சு நினைச்சு நடப்பார்."

"சொல்ல மாட்டேன்."

"இன்னொண்ணு. அவர் கோட்டைத் தாண்டிட்டா, முதல்ல வந்த வரிசைப்படி அவருக்கு இடம் கிடைக்கும். அவருக்கு அப்புறம் நிக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு மாசம் தள்ளிப் போவாங்க. அந்த ஒரு மாசத்துல யாருக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்."

"தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். தெரிஞ்சுக்கிட்டா போதும். நாங்க குழுவுல நாலு பேர்தான் தெரிஞ்சு வெச்சிருக்கோம். ரொம்பக் கனமா இருக்கு."

ஸ்டேஷனம்மா எழுந்தாள். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து டாக்டரின் கையை ஒரு தரம் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு அளந்த அளவு சரியில்லையாம். மறுபடி அளக்கணுமாம்" என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அளவு தப்பு என்று கேட்டதும் லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைச் சொல்லு முதல்ல. அளக்கிற கருவியே தப்பா இருந்தா எதை நம்பறது? சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க. தப்பா இருந்த பாகத்தை இந்தத் தடவை வெளிய உட்கார வெச்சுடப் போறாங்க."

மறுபடி அளந்த நாளில் அவளை நடைவழி திரும்புகிற இடத்துக்கு அப்பால், மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். இங்கிருந்து எதையும் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒரு பருத்த பெண்மணி, மடியில் காகிதப் பையில் ரொட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். விரல் நகங்களின் ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது.

"ரொட்டிக்கடை வெச்சிருக்கேன்" என்றாள், கேட்காமலே. "எழுபத்தாறு. எனக்கும் வால்வுதான். நடையில தேறிட்டேன். இடம் எப்பன்னு கேட்க வந்தேன். அக்காவுக்கும் அதேதானா?"

"எனக்கு இல்ல, வீட்டுக்காரருக்கு. உள்ள நடக்கப் போறார்." ஸ்டேஷனம்மா கொஞ்சம் யோசித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் டாக்டரின் அறையில் வாங்கிவந்த கனம் மடியில் இருந்தது. "அவர் தேறிட்டா நீங்க ஒரு மாசம் தள்ளிப் போவீங்க" என்று சொல்லிவிட்டாள்.

ரொட்டிக்கடைக்காரி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பையின் வாயை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கோபம் வருது அக்கா" என்றாள். "இருங்க, வந்துட்டுப் போகட்டும்."

இருவரும் காத்திருந்தார்கள். மருந்து ஜன்னலில் யாரோ சில்லறை இல்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு தள்ளுவண்டி கிரீச்சிட்டுக்கொண்டு கடந்தது.

"பாதி போயிடுச்சு" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. "மீதி வீட்டுக்குப் போனப்புறம் போகும். உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"நிஜமாவா? கடையில கீழ இருந்து மேல தட்டு அனுப்பற குட்டி லிஃப்ட் ஒண்ணு இருக்கு. நடுவுல போய் நின்னுக்குது. போன வாரம் ஒரு கேக் ரெண்டு நாள் உள்ள மாட்டிக்கிச்சு. எங்க வாசனை வருதுன்னு தேடித் தேடி..."

ஸ்டேஷனம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் மருந்து ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

டக், டக், டக் என்று சீராக வந்தது. கூம்புவரை வந்து, நிற்காமல் திரும்பி, தேய்ந்து போயிற்று. மறுபடி வந்தது. நிற்கவில்லை. ஓட்டம் இல்லை, ஆனால் எங்கோ ஒரு கட்டிடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனுடைய நடை. அவள் ஒலிபெருக்கி அறையின் ஜன்னல் வழியாக முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, நிலையத்து லிஃப்டைச் சரிசெய்ய நடைமேடையில் இந்த நடையில்தான் வந்துகொண்டிருந்தார். வண்டியின் பெயரை மறந்துபோய், ஒலிபெருக்கியைத் திறந்துவைத்தபடி அவள் உட்கார்ந்திருந்த நாள் அது.

"யார் அக்கா அது, இப்படி நடக்கிறது?" என்று ரொட்டிக்கடைக்காரி கிசுகிசுத்தாள்.

"தெரியல" என்றாள் ஸ்டேஷனம்மா. "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு."

சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள்ளேயே ஒரு சின்ன வலியும் இருந்தது. இவ்வளவு நடை அவருடைய காலில் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அதை மடித்து எங்கோ உள்ளே வைத்துவிட்டு, இவளுடைய நடையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். மடித்து வைத்தது அவருக்கே தெரியாது. இவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் காலடி கொஞ்சம் மந்தமாயிற்று, மூச்சின் ஓசையும் கூடவே கேட்டது. ஆனால் நிற்கவில்லை. பிசியோ பெண் "போதும் ஐயா" என்றாள்.

அவர் திருப்பத்தைத் தாண்டி வந்தபோது சட்டை நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் சிரித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை கருவி நல்லா வேலை செஞ்சுது" என்றார், மூச்சுக்கு நடுவே.

ரொட்டிக்கடைக்காரி பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். "சாப்பிடுங்க. அப்புறம் என் லிஃப்டைப் பத்திப் பேசணும்."

குழு அவருக்கு இடம் கொடுத்தது. ரொட்டிக்கடைக்காரி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனாள். அந்த மாதம் முழுக்க ஸ்டேஷனம்மா தினமும் காலையில் அவளுக்கு போன் செய்தாள். முதலில் "எப்படி இருக்கீங்க" என்று கேட்கத்தான். பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. கொழுந்தன், "அண்ணி பேசற சத்தத்துக்கு போன் எதுக்கு, ஜன்னலைத் திறந்தா போதுமே" என்றான். ரொட்டிக்கடைக்காரிக்கு வால்வு வைத்த நாளில் ஸ்டேஷனம்மா மூன்றாம் மாடி பெஞ்சிலேயே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அந்த வழியே போகும்போது நின்று பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஆச்சு" என்றாள் ஸ்டேஷனம்மா. டாக்டர், "வரிசையில இன்னும் இருக்காங்கம்மா" என்றார். "தெரியும்" என்றாள் இவள். பிறகு டாக்டர் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் தேறி எழுந்ததும் முதல் வேலையாக ரொட்டிக்கடையின் குட்டி லிஃப்டைப் பிரித்துப் போட்டார். உள்ளேயிருந்து காய்ந்துபோன இன்னொரு கேக் கிடைத்தது. அதை எந்த வருஷத்துக் கேக் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்போதும் சாயங்காலங்களில் இருவரும் நடக்கப் போகிறார்கள். புது வால்வுக்குப் பிறகு அவருடைய முகத்தில் நிறம் வந்திருக்கிறது. தனியாகக் கடைக்குப் போனால் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஆனால் அவளோடு போகும்போது சலவைக்கடைத் திருப்பத்தில் நிற்கிறார். பாதித் திரும்பல், முழங்கை. அவள் அதைப் பற்றி அவரிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் நினைத்து நினைத்து நிற்பார். நினைக்காமல் நிற்பதுதான் அவளுக்கு வேண்டும்.

நேற்று செருப்புக்கடைக்கு முன்னால் அவள் வேண்டுமென்றே நின்றாள். கண்ணாடிக்குள் இருந்த செருப்புகளில் ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக, விலைச்சீட்டோடு, நிதானமாகப் பார்த்தாள். ஓரக்கண்ணில் அவர் தெருமுனையில் நின்று விளக்குக் கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. முழங்கால்தான் முதலில் தோற்றது.

"என்ன ஸ்டேஷன்" என்று அங்கிருந்து குரல் வந்தது. "வண்டி எப்ப வரும்?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அந்தப் பழைய குரலை எடுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாமதமாக வந்துகொண்டிருக்கும் வண்டி, இன்னும் சற்று நேரத்தில், தாங்கள் நின்றுகொண்டிருக்கும் இடத்திற்கே வந்து சேரும்."

"நான் எங்க நிக்கிறேன்?" என்றார் அவர். "நடந்துட்டேதானே இருக்கேன்."